இஸ்திரிப் பெட்டிக்கு எதிரான அட்டவணை

ஒரு மாதமாகக் காலை ஆறரைக்கு அந்த வீட்டில் மெயின் சுவிட்ச் விழுந்து மின்சாரம் நின்றுகொண்டிருந்தது. அந்த நேரத்தில் கோப்பு எழுத்தர் குளியலறையில் உடம்பெல்லாம் சோப்போடு நிற்பார். முன்னறையில் அவர் மனைவி, தைத்து முடித்த பள்ளிச் சீருடைகளை இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பாள். ஏழு மணிக்கு அவற்றை எடுத்துப்போக வண்டி வந்துவிடும். குளியலறை வெந்நீர் ஹீட்டரும் இஸ்திரிப் பெட்டியும் சேர்ந்து ஓடினால் பழைய வயர் தாங்காது. இரண்டில் ஒன்று எட்டு மணி வரை ஓய்வெடுக்க வேண்டும். அது ஹீட்டராக இருக்கக் கூடாது என்பதில் அவர் உறுதியாக இருந்தார்.

அறிவியல்படியே தீர்த்துவிடுவது என்று கீழ்வீட்டு எலக்ட்ரீஷியனிடம் மீட்டர் இரவல் வாங்கினார்.

"வோல்ட்டை ஆம்பியரால வகுத்தா தடை, சார். ரெண்டையும் பெருக்கினா வாட். எது எவ்வளவு தின்னுதுன்னு வாட்தான் சொல்லும்."

மனைவி நூல் வாங்கப் போயிருந்தபோது அளந்தார். வோல்ட் இரண்டுக்கும் இருநூற்று முப்பது. இஸ்திரிப் பெட்டி ஐந்து ஆம்பியர் இழுத்தது. ஹீட்டர் பத்து. பெருக்கிப் பார்த்தார், முகம் தொங்கிப்போயிற்று. வகுத்துப் பார்த்தார். பெட்டிக்கு நாற்பத்தாறு, ஹீட்டருக்கு இருபத்துமூன்று. முகம் பழைய இடத்துக்கு வந்தது.

அட்டவணை போட்டார். பதினெட்டு வருடம் அட்டவணை போட்ட கை. வோல்ட், ஆம்பியர், தடை, வாட் என்று நான்கு தலைப்பும் தாமாகவே விழுந்துவிட்டன. வாட் கட்டங்களைக் காலியாக விட்டார். தாளைக் கிழித்து மறுபடி எழுதியிருக்கலாம். ஆனால் கோடுகள் அவ்வளவு நேராக வந்திருந்தன.

"இங்க பாரு. தடை உன் பெட்டிக்கு நாப்பத்தாறு. என் ஹீட்டருக்கு அதுல பாதி. நான் பேசலை, கணக்கு பேசுது."

அவள் ஊசியில் நூல் கோத்தபடியே பார்த்தாள்.

"கணக்கே சொல்லிட்டா நான் என்னங்க சொல்றது. முடிவையும் எழுதிடுங்க. காலைல மறந்து பெட்டியப் போட்டுடப் போறேன்."

எழுதுவதென்றால் அவருக்குப் பசி தெரியாது. 'மேற்கண்ட இரண்டில் மின்சாரத்தை அதிகம் இழுப்பது எதுவோ, அது காலை எட்டு மணி வரை இயக்கப்படலாகாது.' கீழே கையெழுத்து, தேதி. அவளும் போட்டாள்.

"தடைன்னா என்னங்க?"

"கரண்டைத் தடுக்கறது."

"ரொம்ப தடுத்தா?"

"கம்மியா..." என்றவர் மிச்சத்தை விழுங்கினார்.

"அப்ப என் பெட்டி அடக்கமானதுன்னு சொல்லுங்க." தையல் சாக்பீஸை எடுத்து மேசை மேலேயே பெருக்கினாள். ஒரு சட்டைத் துணியை இருநூறு சட்டைக்குப் பெருக்கிப் பழகியவள். "ஆயிரத்து நூத்தம்பது. உங்களது ரெண்டாயிரத்து முந்நூறு."

"பெருக்கணும்னு உனக்கு யாரு சொன்னது?"

"எலக்ட்ரீஷியன்தான். மீட்டரைக் கேக்க வந்தாரு. உங்களுக்கும் சொன்னாராமே."

"அளந்ததுல ஏதாவது பிசகு இருக்கும்."

"கையெழுத்துல பிசகு இல்லையே. அந்தக் கட்டத்தையும் நிரப்பிடுங்க. காலியா கிடந்தா உங்களுக்குச் சோறு இறங்காது."

அவர் நிரப்பினார். எண்கள் ஒன்றின்கீழ் ஒன்றாக அழகாக உட்கார்ந்தன.

மறுநாள் ஆறரைக்கு முதல் குவளைத் தண்ணீரைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் ஒரு சத்தம் போட்டார்.

"இஸ்திரி போடறப்ப கூப்பிடாதீங்க," என்று முன்னறையிலிருந்து பதில் வந்தது.