தில்பசந்துக்கு ஐந்து நட்சத்திரம்

இனி இந்த வீட்டிலிருந்து ஈ, எறும்பு அளவு சேதிகூட வெளியே கசியக் கூடாது என்று ஆதிகேசவன் மாஸ்டர் சபதம் எடுத்த அன்று, பெங்களூர் ஆஸ்டின் டவுனில் பலத்த காற்று. சபதம் பறந்துவிடப் போகிறதே என்று ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டுத்தான் எடுத்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. தலைமையாசிரியை ஜோசஃபின் மேடம் அவரைக் கூப்பிட்டு, "ஒன்பதாம் வகுப்புக்கு இணையப் பாதுகாப்புப் பாடம் நீங்கதான் எடுக்கணும் மாஸ்டர். பொறுப்பான ஆளாப் பாத்துக் குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டார். பொறுப்பான ஆள் என்றதும் மாஸ்டர் ஒரு முழம் வளர்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் சொந்த வீட்டு நிலைப்படியிலேயே தலை இடித்தது.

முதல் வேலையாக வைஃபைக்குப் புதுப் பாஸ்வேர்டு போட்டார். அதை அடித்து முடிப்பதற்குள் கரெண்ட் ஒருமுறை போய்விட்டுத் திரும்பி வந்துவிடும், அவ்வளவு நீளம். அடுத்தது, மனைவி மமதாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்துக்கொண்டு வீட்டிலுள்ள கேமராக் கண்களையெல்லாம் மூடினார். லேப்டாப்புக்கு ஒரு பொட்டு. இரண்டு ஃபோனுக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று.

மமதா பீரோக் கண்ணாடி முன் நின்று காலி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, வீட்ல இருக்கற மிஷினெல்லாம் கல்யாணத்துக்குக் கெளம்பின மாதிரி பொட்டு வெச்சிட்டு நிக்குது. எனக்குத்தான் ஒண்ணுகூட மிச்சமில்ல."

"பாதுகாப்பு முக்கியம் மமதா."

"நீங்க கிழிஞ்ச பனியனோட உக்காந்து பேப்பர் திருத்தறத எவன் ஒளிஞ்சிருந்து பாக்கப் போறான்? சும்மா பாத்தாலும் அவனுக்குத்தான் நஷ்டம்."

மாஸ்டருக்கு ஒரு வழக்கம் உண்டு. எந்தப் பாடமானாலும் முதலில் மமதாவிடம் நடத்திப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குக் கொண்டுபோவார். மமதாவுக்கும் ஒரு வழக்கம். பாடம் கேட்பதற்குக் கூலியாக அவர் கையில் ஏதாவது வேலையைத் திணித்துவிடுவாள். அது அவரைக்காய் சீசன். பெங்களூரே அவரைக்காய் வாசனையில் மிதந்துகொண்டிருந்தது. ஊறவைத்த பருப்பை ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தோல் நீக்கினால்தான் பிதுக்கம்பருப்புக் குழம்பு. கிண்ணம் மாஸ்டர் மடிக்கு வந்தது.

"முதல் விதி" என்று பிதுக்கினார். பருப்பு எகிறிப் போய் மமதாவின் கொண்டையில் உட்கார்ந்தது. "முழுப் பேர வெளியில போடக் கூடாது. ரெண்டாவது, எத்தன மணிக்கு எங்க இருப்போம்னு சொல்லவே கூடாது. சொன்னா, திருடன் பூட்ட உடைக்கவே வேணாம்."

"ஓ. கொடியில காயற துணியப் பாத்தே வீட்ல எத்தன பேரு, யாருக்குத் தொப்பைன்னு சொல்லிடலாமே, அந்த மாதிரியா?"

மாஸ்டரின் கை நின்றது. இவ்வளவு நல்ல உதாரணம் தனக்குத் தோன்றவில்லையே. "அதத்தான் நானும் சொல்ல வந்தேன்" என்றார்.

"சரி, மேல சொல்லுங்க மேஷ்ட்ரே."

"மனசு கஷ்டப்படற மாதிரி ஏதாவது கண்ணுல பட்டா, கோவத்துல கத்தக் கூடாது. ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வெச்சுக்கணும். நம்பிக்கையான பெரியவங்ககிட்ட சொல்லணும். பிளாக் பண்ணிடணும்."

மமதா விரல் விட்டு ஒப்பித்தாள். "கத்தக் கூடாது. ஸ்க்ரீன்ஷாட். பெரியவங்க. பிளாக்."

"வகுப்புல உன்ன மாதிரி நாலு பேர் இருந்தாப் போதும்."

"ஆமா, உங்களத் தேடினா என்ன கெடைக்கும்?"

"என்னையா?" மாஸ்டர் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது. "ஒரு பருக்க கெடைக்காது. நான் இன்டர்நெட்ல நடந்தா கால்தடமே விழாது. நீயே தேடிப் பாரேன்."

"கெடைச்சா?"

"நீ சொல்றதக் கேக்கறேன்."

மமதா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு ஃபோனை எடுத்தாள். கொஞ்ச நேரம் தடவினாள். இன்னும் கொஞ்ச நேரம் அசையாமல் பார்த்தாள்.

"என்ன, கெடைச்சுதா?"

"நீங்க பிதுக்குங்க" என்றாள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். மாஸ்டருக்குச் சர்க்கரை. ஒவ்வொரு ரிப்போர்ட்டும் முந்தையதன் தோளில் ஏறி நின்றது. சனிக்கிழமை மறுபடி டெஸ்ட். அதிலும் ஏறினால் தினமும் இன்சுலின் ஊசிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மாஸ்டருக்கு ஊசி என்றால், சட்டைப் பொத்தான் தைக்கிற ஊசியைக் கண்டாலே வேர்க்கும்.

"நான்தான் எங்கயோ தப்பாச் சமைக்கறேன்" என்று மமதா தனக்குள் குமைந்தாள். அரிசியைக் குறைத்து ராகிக் களி கிண்டினாள். அவர் வெறும் காபி குடிக்கையில் தான் மட்டும் இனிப்பாகக் குடிப்பதா என்று தன் டம்ளரிலும் சர்க்கரையை நிறுத்தினாள். தில்பசந்த் என்றால் அவளுக்கு உயிர். பேக்கரியில் தேங்காய்த் துருவலும் டூட்டி ஃப்ரூட்டியும் உள்ளே வைத்து, வட்டமாகச் சுட்டு, துண்டு போட்டுத் தருவார்களே, அதுதான். அதையும் விட்டாள். அப்போதெல்லாம் மாஸ்டர் காபி டம்ளருக்குள் பார்வையை இறக்கிக்கொள்வார்.

வகுப்பு அமோகமாக நடந்தது. துணிக்கொடி உதாரணத்துக்குக் கைதட்டல் விழுந்தது. அந்த வாரம் முழுக்க மமதா தேடலைப் பற்றி வாயே திறக்கவில்லை. தோற்றுவிட்டாள் பாவம் என்று மாஸ்டர் பெருந்தன்மையாக விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை பள்ளி விட்டதும், கால் தானாக ஆராவமுதனின் அய்யங்கார் பேக்கரிக்குத் திரும்பியது. "வழக்கமானது" என்றார். ஆராவமுதன் அவர் முகத்தைப் பார்க்காமல் ஒரு பொட்டலத்தை வைத்தார். பொரிகடலை.

"நான் தில்பசந்த் கேட்டேன்."

"பேடா ஸார், வேணாம். அம்மா வந்து சொல்லிட்டுப் போனாங்க."

"எந்த அம்மா?"

"உங்க வீட்டம்மாதான். நீங்க எழுதினதக் காட்டினாங்க." ஆராவமுதன் தன் ஃபோனில் மேப்பைத் திறந்து, கடையின் பெயரைத் தட்டி, மாஸ்டர் மூக்கருகே நீட்டினார்.

'ஆதிகேசவன், ஆசிரியர், ஆஸ்டின் டவுன். தினமும் பள்ளி விட்டு நாலேகாலுக்கு இங்கே வருவேன். தில்பசந்த் தேவாமிர்தம். மனைவிக்குத் தெரியாமல் சாப்பிட்டால் ருசி இரட்டிப்பு. ஐந்து நட்சத்திரம்.' கீழே படம்: பாதி கடித்த தில்பசந்த், அதைப் பிடித்த விரலில் கல்யாண மோதிரம்.

மாஸ்டரைக் குற்றம் சொல்லக் கூடாது. அவர் கணக்கில் மேப் என்பது வழி பார்க்க. இன்டர்நெட் என்பது தேடிப் பார்க்க. இரண்டும் எப்படி ஒன்றாகும்? வழி தெரியாமல் வருகிறவனுக்கு நல்ல பன் எங்கே என்று சொல்வது ஊருக்குச் செய்கிற உபகாரம் என்றே நினைத்திருந்தார். அந்த உபகாரத்தை ஓசூர் ரோட்டில் பொம்மசந்திரா தாண்டி சந்தாபுரா வரைக்கும் செய்திருந்தார். அவர் கடிக்காத காரா பன் இல்லை, எழுதாத வரி இல்லை.

"வேற கடை இல்லையா என்ன" என்று முனகினார்.

"எல்லாக் கடைலயும் சொல்லியாச்சு ஸார். பேக்கரிக்காரங்க வாட்ஸாப் குரூப்ல உங்க போட்டோவப் போட்டுடறேன், ஒரு நிமிஷ வேலைன்னு நான்தான் சொன்னேன். அம்மா ஒத்துக்கல. அனுமதி இல்லாம ஒருத்தர் படத்தப் பரப்பறது தப்பு, எங்க மாஸ்டர் பாடமே நடத்தறார்னாங்க. வெயில்ல ஒவ்வொரு கடையா நடந்தே போனாங்க. சந்தாபுராவுக்கு பஸ் ஏறிப் போனாங்களாம்."

மாஸ்டர் பொரிகடலையை எடுத்துக்கொண்டார். வீட்டைப் பார்த்து நடந்தார்.

வீட்டில் மமதா வெந்நீர் வாளிக்குள் கால்களை விட்டு உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் எதிரே தரையில் உட்கார்ந்தார்.

"நீ கத்தியிருக்கலாம்."

"கத்தக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தது யாரு?"

"எப்போ கண்டுபிடிச்ச?"

"அன்னிக்கே. பாதிக் கிண்ணம்கூட ஆகல."

"அப்பவே கேட்டிருக்கலாமே."

"மீதிப் பருப்ப யாரு பிதுக்கறது?"

மமதா வாளிக்குள் கால்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டாள்.

"மொதல்ல சந்தோஷமாத்தாங்க இருந்துது" என்றாள் மமதா. "என் சமையல்ல தப்பில்லன்னு. அப்புறம்தான் அழுகை வந்துது. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா, இந்த வைஃபைக்குப் பாஸ்வேர்டு சொல்லக்கூட எனக்கு ஆளில்ல."

மாஸ்டர் அவள் காலைத் துண்டில் ஏந்தித் துடைத்தார். குதிகாலில் வெடிப்பு. அதையும் ஒற்றினார். பிறகு தன் ஃபோனிலிருந்த பொட்டை நகத்தால் கிளப்பி, அவள் நெற்றியில் ஒட்டினார். சற்றுக் கோணலாகத்தான் உட்கார்ந்தது. அவள் சரி செய்யவில்லை.

"எழுதினதையெல்லாம் அழிச்சிடறேன்."

"வேணாம். படிக்கறப்போ எனக்கே நாக்கு ஊறிச்சு. பேரையும் நேரத்தையும் மட்டும் எடுத்துடுங்க. அப்புறம், நான் சொல்றதக் கேக்கறேன்னீங்களே. இனிமே நாலேகாலுக்கு நான் ஸ்கூல் கேட்ல நிப்பேன். ரெண்டு பேரும் நடந்தே வரலாம்."

"சரி."

"பேக்கரி இல்லாத ரோடு."

"அப்படி ஒரு ரோடு பெங்களூர்ல இருக்கா?"

"கண்டுபிடிச்சு வெச்சிருக்கேன். மேப்லதான்."

மாஸ்டர் பொரிகடலையைப் பிரித்து இருவருக்கும் நடுவில் வைத்தார். இரண்டு வாய் மென்ற பிறகு மெதுவாகக் கேட்டார்.

"பேக்கரில போட்ட அந்த பிளாக்க எப்போ எடுப்ப?"

"பாஸ்வேர்டு போட்டாத் தானாத் தெறந்துக்கும்."

"எத்தன எழுத்து?"

"எழுத்தில்லீங்க. நம்பர். நாளைக்குச் சனிக்கெழம, லேப்ல குடுப்பாங்க."