இருமல் இன்ஸ்பெக்டரின் ரத்தம்

கொடைக்கானலில் நிம்மதியாக இருமும் உரிமையை மக்களிடமிருந்து பறித்த பெருமை ஒரே ஒருவரைத்தான் சேரும். அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் என்னவென்று எனக்குத் தெரியாது. அரசாங்கத்துக்குத் தெரிந்திருக்கும், சம்பளம் கொடுக்கிறதே. ஊருக்கு அவர் இருமல் இன்ஸ்பெக்டர். உண்மையில் காசநோய்ப் பிரிவில் களப்பணியாளர். மலையில் எவன் இருமினாலும் தேடிப் பிடித்து, கையில் ஒரு டப்பாவைத் திணித்து, அதில் சளி வாங்கிக்கொண்டு போவது அவருடைய சோலி. உலகத்தில் எத்தனையோ பேர் எதை எதையோ கேட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள். இவர் கேட்டது இதை.

எனக்கும் அவருக்கும் இருந்தது தொழில்முறைப் பகை. ஏழு ரோடு சந்திப்புக்குப் பக்கத்தில் நான் தைலமும் சாக்லேட்டும் விற்கிறேன். ஊர் இருமினால்தான் என் வீட்டில் அடுப்பெரியும். இன்ஸ்பெக்டரோ குரங்குக் குல்லாவும் மஃப்ளருமாக, ஊரில் வேறு இடமே இல்லாத மாதிரி என் கடை வாசலில்தான் ஸ்கூட்டரை நிறுத்திக்கொண்டு நிற்பார். வாடிக்கையாளர் தைலச் சீசாவைக் கையில் எடுத்தபடி ஒரு தடவை இருமினால் போதும்.

"எத்தன நாளா இருமுது?"

"ரெண்டு வாரத்துக்கு மேல கெடக்கு சார்."

"அப்ப தைலத்தக் கீழ வைங்க. இதப் பிடிங்க. நாளைக்கு வெள்ளனே எந்திரிச்சு வாயக் கொப்பளிச்சிட்டு, அடி நெஞ்சுலருந்து எடுத்துக் கொண்டாங்க."

வந்தவர் சீசாவை வைத்துவிட்டு டப்பாவோடு போவார். என் முகம் போகிற போக்கைப் பார்த்து இன்ஸ்பெக்டர் ஆறுதலும் சொல்வார். "ஏலே தைலம், கவலப்படாத. கிருமி இல்லேன்னா திரும்ப உங்கிட்டதான வரப்போறாங்க."

இருமலைக் காதால் கேட்டே அதன் ஜாதகத்தைக் கணித்துவிடலாம் என்பது அவருடைய அசைக்க முடியாத நம்பிக்கை. பீடி இருமல், பனி இருமல், சுற்றுலாக்காரர் இருமல், மாமியார் பேசும்போது மருமகளுக்கு வருகிற இருமல் என்று வகை வகையாகப் பிரித்து வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பின்வரிசையில் வந்து உட்காருவார். பக்தி என்று நினைத்தால் அது உங்கள் அறியாமை. பிரசங்கம் நீண்டால் நாலு பேர் இருமுவதுதான் உலக வழக்கம். பின்னால் டப்பாவோடு இவர் உட்கார்ந்திருக்க, எவன் இருமுவான்? சபையே மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும். ஊர் தம் பேச்சில் சொக்கிக் கிடக்கிறது என்று நம்பிய ஃபாதர் பிரசங்கத்தை இன்னும் நீட்டினார்.

அவருக்குச் சுத்தமாகப் பிடிக்காதது எச்சில். சளி கேட்டால் பாதிப் பேர் வெட்கப்பட்டுக்கொண்டு எச்சிலைத் துப்பிக் கொண்டு வருவார்கள். வில்பட்டியிலிருந்து கேரட் கொண்டு வந்து விற்கும் அக்கா அப்படித்தான் ஒருநாள் மாட்டினார். இன்ஸ்பெக்டர் டப்பாவை வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"இது என்னம்மா?"

"நீங்க கேட்டதுதான் சார்."

"இது எச்சிலு. இத வச்சுத் தபால்தல ஒட்டலாம். கிருமி பாக்க முடியாது."

அதோடு விட்டாரா? கை இரண்டையும் இடுப்பில் ஊன்றி, குனிந்து, மூச்சை இழுத்துப் பிடித்து, அடி வயிற்றிலிருந்து இருமுவது எப்படி என்று சந்தை நடுவில் செய்து காட்டினார். சுற்றுலா வந்தவர்கள் ஏதோ மலைவாழ் மக்களின் நடனம் என்று நினைத்து வீடியோ எடுத்தார்கள். கேரட் அக்கா கூனிக் குறுகி நின்றார். ஆனால் முகத்தில், இதற்கு ஒருநாள் இருக்கிறது என்று எழுதியிருந்தது.

இப்படி சளியே சகலமும் என்று வாழ்ந்த மனிதரின் தலையில், ரத்தத்தில் டி.பி. பார்க்கும் ஆராய்ச்சி என்று ஒரு இளம் டாக்டரம்மா வந்து இறங்கினார். உதவிக்கு இவரைத்தான் போட்டார்கள். டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

"நம்ம ரத்த அணுக்குள்ள ஆயிரக்கணக்கான ஜீன் இருக்கு சார். எல்லாமே எப்பவும் ஒரே மாதிரி வேலை செய்யாது. டி.பி. கிருமி உள்ள வந்தா, அதை எதிர்க்கிறதுக்காகச் சில ஜீன்கள் மும்முரமாயிடும். அந்த மும்முரத்தைத்தான் அளந்து பார்க்கிறோம். சளி எடுக்க முடியாதவங்களுக்கு, சின்னப் பிள்ளைங்களுக்கு எல்லாம் இது பெரிய உதவி."

"நோய் கெடக்குறது நெஞ்சுல. ரத்தம் பாட்டுக்கு உடம்பு பூரா சுத்திக்கிட்டுத் திரியிது. அதுக்கு எப்படிம்மா தெரியும்?"

"சுத்துறதாலதான் சார் தெரியுது."

எனக்கு அது உடனே விளங்கியது. எங்கள் ஊரிலும் சோலி இல்லாமல் சுற்றுகிறவனுக்குத்தான் எல்லார் வீட்டுச் சங்கதியும் அத்துப்படி. இன்ஸ்பெக்டருக்கு மட்டும் விளங்கவில்லை. "இருமல் இல்லாம என்ன டி.பி.?" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

வில்பட்டியில் முகாம் போட்டார்கள். கூட்டம் கூடும் இடத்தில் தைலம் விற்பது என் கொள்கை என்பதால் நானும் போயிருந்தேன். ஊசியைப் பார்த்ததும் சனம் பின்வாங்கியது. இன்ஸ்பெக்டர் ஸ்வெட்டர் கையைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தார்.

"எனக்கு எடுங்கம்மா. நோய் நொடி இல்லாத ரத்தம் எப்படி இருக்கும்னு உங்க மெசினு ஒருக்கா பாத்துக்கிடட்டும்."

அப்போது அவர் தரையில் கால் பாவாமல் திரிந்த நேரம். மலைக்குக் கீழே ஆயக்குடியில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் தலைப்பிரசவத்துக்கு அடுத்த மாதம் மேலே வரப்போகிறாள். பிறக்காத பேரப்பிள்ளைக்கு உள்ளங்கை அளவில் ஒரு கம்பளிக் குல்லா வாங்கி, ஸ்கூட்டர் பெட்டியில் சளி டப்பாக்களுக்குப் பக்கத்திலேயே பத்திரப்படுத்தி வைத்திருந்தார். போகிற வருகிறவர்களிடம் எல்லாம் அதை எடுத்துக் காட்டுவார். பெட்டியைத் திறந்தால் எது வெளியே வருமோ என்று எல்லாரும் ஓரடி தள்ளியே நின்று ரசித்தார்கள்.

சில நாள் கழித்து டாக்டரம்மா அவரைத் தேடி என் கடைக்கே வந்தார். தனியாகப் பேச வேண்டும் என்றார்.

"எதுன்னாலும் இங்கனயே சொல்லுங்கம்மா. இந்தத் தைலத்துக்குத் தெரியாம எனக்கு ஒரு ரகசியமும் கெடையாது."

டாக்டரம்மா தயங்கித்தான் சொன்னார். "உங்க ரத்தத்துல அந்த ஜீன்கள் ரொம்ப மும்முரமா இருக்கு சார். இது மட்டும் வச்சு டி.பி.ன்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன். வேற காய்ச்சலா இருந்தாலும் சில சமயம் இப்படிக் காட்டும். எக்ஸ்ரே எடுத்துச் சளியும் பார்த்துடலாம்."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். "எனக்கா? ஒரு இருமல் இருமியிருப்பனா? இந்தத் தைலம் நெதமும் ஓசியில குடுக்குற சாக்லேட்டுதான் ரத்தத்துல கெடக்கும். அதப் போயி அளந்திருக்கீங்க." அன்றிலிருந்து ஆளைக் காணோம். ஊரையே துரத்தித் துரத்திப் பிடித்தவர், டாக்டரம்மாவின் ஜீப்பைப் பார்த்தால் முட்டுச்சந்தில் ஸ்கூட்டரைத் திருப்பினார். பெரும்பாறைப் பக்கம் அவசர வேலை என்றார். பெரும்பாறைக்காரர்களிடம் கொடைக்கானலில் அவசர வேலை என்றாராம்.

ஒரு காலையில் பனி மூட்டத்தில் என் கடையைத் தாண்டிப் போகப் பார்த்தவரை மடக்கினேன். சத்தியமாக எனக்குக் கோபம்.

"சார், என் கடைக்கு வந்த எவனாவது இப்படி ஓடியிருந்தா நீங்க என்ன சொல்லியிருப்பீங்க? அடுத்த மாசம் பொண்ணு வருதுல்ல?"

அவர் ஸ்கூட்டரை நிறுத்தினார். ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்து அந்தக் குல்லாவை எடுத்தார். விரலில் மாட்டிச் சுற்றிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"பிள்ளைய மொதல்ல நாந்தான் வாங்குவேன்னு அவகிட்டச் சொல்லி வச்சிருக்கேன்லே. இந்த நெஞ்சுல அணைச்சுத்தான தூக்கணும்."

அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. கடைசியில் அவரே பெட்டியிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துக்கொண்டு, "ஏறு. வெரசாப் போவோம்" என்றார்.

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் திறந்த வெளியில்தான் சளி எடுப்பார்கள். இருமல் இல்லாத மனிதர் எங்கிருந்து எடுப்பார்? இடுப்பில் கை ஊன்றினார், குனிந்தார், மூச்சை இழுத்தார். முகம் பீட்ரூட் நிறமானதுதான் மிச்சம். தன் பரிசோதனைக்காக வந்திருந்த கேரட் அக்கா அவரைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து, டப்பாவை வாங்கி, வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

"சார், இது எச்சிலு."

தபால்தலையைப் பற்றி அக்கா எதுவும் சொல்லவில்லை. அந்தப் பெருந்தன்மைக்காகவே அன்று நான் அவரிடம் தேவைக்கு மேல் கேரட் வாங்கினேன். அவர்தான் இன்ஸ்பெக்டரின் முதுகைத் தடவி, "அடி வயித்துலருந்து சார், வெக்கப்படாம" என்று அவருடைய பாடத்தை அவருக்கே நடத்தினார்.

பிறகு உப்புத் தண்ணீர் ஆவி பிடிக்க வைத்து ஒருவழியாகச் சளி எடுத்தார்கள். எக்ஸ்ரேயில் சின்னதாக ஒரு நிழல். சளியில் கிருமி. ஆரம்ப நிலைதான், இருமல் வரட்டும் என்று காத்திருந்தால் பிள்ளை வீட்டுக்கு வந்த பிறகுதான் தெரிந்திருக்கும் என்றார் டாக்டரம்மா. தான் சொல்லும்வரை மகள் ஆயக்குடியிலேயே இருக்கட்டும், பிரசவமும் அங்கேயே நடக்கட்டும் என்றும் சொல்லிவிட்டார்.

அவரை மாத்திரை விழுங்க வைக்கும் பொறுப்பை டாக்டரம்மா என்னிடம் கொடுத்தார்; தினமும் காலையில் என் கண் முன்னால்தான் மாத்திரை. "வாயத் திறங்க சார், நாக்கத் தூக்குங்க" என்று நான் அதட்டுவேன். இத்தனை வருட வியாபார நஷ்டத்தையும் அந்த அதட்டலில்தான் வசூலித்தேன். மாத்திரைக்குப் பின் சாக்லேட் கேட்பார். கொடுப்பேன். "ரத்தத்துக்கு ஒண்ணும் தெரியாதுன்னு நெனச்சேன்லே" என்பார்.

ஆறு மாத மாத்திரையும் முடிந்து, டாக்டரம்மா தலையாட்டிய பிறகுதான் மகள் மேலே வந்தாள். பேத்தியை அவர் கையில் வைத்தார்கள். அந்தக் குல்லா பிள்ளையின் தலைக்கு ஏறவில்லை, அவள் அதற்குள் வளர்ந்துவிட்டாள். திடீரென்று பிள்ளை இருமியது. வீடு அப்படியே உறைந்தது. இன்ஸ்பெக்டர் அவள் நெஞ்சில் காதை வைத்தார்.

"பால் இருமல். பொரையேறிருச்சு, அம்புட்டுத்தான்."

சொல்லிவிட்டு அவரே தொண்டையைச் செருமினார். எல்லாரும் அவர் பக்கம் திரும்பினோம்.

"என்ன பாக்குறீங்க? சந்தோசத்துல அடைக்கிது."

சட்டைப் பையிலிருந்த தைலச் சீசாவை நீட்டினேன். வாழ்க்கையில் முதல் தடவையாக மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். மறுநாள் காலையில் வழக்கம்போல் என் கடை வாசலில் நின்று, வந்த முதல் வாடிக்கையாளர் கையிலேயே டப்பாவைத் திணித்து விரட்டிவிட்டார். வியாபாரம் போனால் போகட்டும், மனிதர் நின்றாரே என்றிருந்தது எனக்கு.