கயிற்றின் இந்த முனை

"கையால இழுக்காதிய மச்சான். இடுப்பால இழுங்க. காலு ரெண்டும் மண்ணுல ஊனி நிக்கணும்."

"இடுப்புதான் திரும்ப மாட்டேங்கே" என்றான் லிங்கராஜ்.

விடிந்தும் விடியாத நேரம். உப்பளத்துக்குப் பின்னாலிருந்த கடற்கரையில் வேறு ஆளில்லை. கப்பல் ஏஜென்சியில் தற்காலிக வேலை பார்க்கும் லிங்கராஜ், விண்ணப்பத்தில் 'கோல்ஃப் ஆடுவேன்' என்று அளந்துவிட்டிருந்தான். முதலாளி அதைப் படித்துத் தொலைத்தார். ஞாயிற்றுக்கிழமை அவரோடு ஆட்டம். ஆட்டம் தேறினால் வேலை நிரந்தரம். வேலை நிரந்தரமானால்தான் தங்கை முத்துச்செல்வியை நல்ல இடத்தில் கேட்டு வருவார்கள்.

மட்டையைச் சுழற்றி இடுப்பு பிடித்து மணலில் கிடந்தவனிடம் திங்கட்கிழமை வந்து சேர்ந்தவன்தான் இந்த மரியான். கடலில் மூழ்கிச் சங்கெடுக்கும் சங்கு குளிப்பவன். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

"தங்கச்சி உண்டா?" என்றுதான் முதலில் கேட்டான்.

"இருக்கா. எதுக்கு?"

"சும்மாதான்."

தன் இடுப்பில் கட்டிய கயிற்றின் மறுமுனையை லிங்கராஜிடம் கொடுத்துவிட்டுக் கடலுக்குள் மூழ்கினான். கயிறு அசைந்தால் இடுப்பைத் திருப்பி இழுக்க வேண்டும். அதுதான் பயிற்சி.

இரண்டு நாள் வலப்பக்கமாக இழுத்ததில் லிங்கராஜின் உடம்பு வலப்பக்கமே திரும்பி நின்றது. "அங்கன யாரைய்யா தேடுறீர்?" என்றார் முதலாளி.

"இடப்பக்கமும் இழுங்க, சரியாப் போவும்" என்றான் மரியான்.

இழுத்தான். இப்போது இரண்டு பக்கமும் தளர்ந்து, தரையே படகுபோல் ஆடியது.

"ஏண்ணே, சாமி வந்த மாதிரி ஆடுத?" என்றாள் முத்துச்செல்வி.

"இடுப்பளவு தண்ணியில நின்னு இழுங்க" என்றான் மரியான்.

உடம்பு ஆடுவது நின்றது. ஆனால் மரியான் நாளுக்கு நாள் அதிக நேரம் உள்ளேயே இருந்தான். சனிக்கிழமை, சூரியன் முழுதாக மேலே வந்தும் கயிறு அசையவில்லை. ஓடிவிடலாமா என்றிருந்தது. கயிற்றை விட மட்டும் கை வரவில்லை.

ஒருவழியாக அசைந்தது. இடுப்பைத் திருப்பி இழுத்தான். கயிற்றில் கனமே இல்லை. மரியான் மேலே வந்தான்.

"ஒமக்கு மூச்சே வாங்கலியே?"

"பழகிட்டு. நீங்க விடாம நின்னிய பாத்தியளா, அது போதும் மச்சான்."

ஞாயிறு காலை, கோல்ஃப் மைதானத்தில் லிங்கராஜின் இடுப்பு தானாகத் திரும்பியது. பந்து உப்பளத்தைத் தாண்டிப் போய் விழுந்தது. முதலாளி அங்கேயே கைகுலுக்கி, "நாளைக்கு ஆர்டர் வாங்கிக்கும்" என்றார்.

சாயங்காலம் வீட்டு வாசலில் ஓர் இளம்பெண், கையில் வெற்றிலைத் தட்டோடு அவள் அம்மா.

"நான் ஜெஸ்லின். மரியானோட தங்கச்சி."

"வாங்க, வாங்க. அவர் வரலியா?"

ஜெஸ்லின் திரும்பிப் படியைப் பார்த்தாள். அவர்கள் இருவருக்கும் பின்னால், படியில் மூன்றாவதாக ஒரு சோடி ஈரக் காலடி இருந்தது.

"அண்ணன் கடலோட போயி பதினோரு வருஷம் ஆச்சு அண்ணாச்சி. எங்காளுவ முங்கும்போது கயித்தப் பொண்டாட்டி கூடப்பொறந்தவன் கையிலதான் குடுப்பாவ, தங்கச்சி தாலிக்குப் பயந்து அவன் விடமாட்டான்லா. ஒரு வாரமா நீங்கதான் பிடிச்சியளாம், அம்மா கனவுல வந்து சொன்னான். முத்துச்செல்விய கொஞ்சம் வரச் சொல்லுதியளா?"