ஆறு மில்லிமீட்டர் ரகசியம்

கல் வெளியே வரலாம். சேதி வெளியே வரக் கூடாது. ஸ்கேன் சென்டர் படியில் இறங்கும்போதே லூர்து பிரகாஷ் எடுத்துக்கொண்ட தீர்மானம் இது.

இடது சிறுநீரகத்தில் ஆறு மில்லிமீட்டர். வலி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியிருந்தது. ஆனால் கடலூர் செம்மண்டலத்து வேதியியல் வாத்தியாரான அவனுக்குக் கல்லைவிடப் பெரிய கவலை, அடுத்த தெருவில் இருந்த மாமனார்.

நாலு வருஷத்துக்கு முன் மாமனார் மரிய ஜோசப்புக்கு இதே கல் வந்தது. பிரகாஷ் அவரை உட்காரவைத்து, கால்சியம் ஆக்சலேட்டைப் பற்றி முழுப் பாடம் நடத்தினான். அதோடு விடவில்லை. அவர்கள் பங்குக் கோயிலில் ஞாயிறு பூசைக்கு வாரம் ஒரு தெருக்காரர்கள் வேண்டுதல்களை மன்றாட்டாக எழுதி வாசிப்பது வழக்கம். அவன் முறை வந்தபோது, "சிறுநீரகக் கல்லால் வாடும் என் மாமனார் மரிய ஜோசப்புக்காக" என்று மைக்கில் நிறுத்தி நிதானமாக வாசித்தான். அன்றிலிருந்து ஒரு வருஷம், மரிய ஜோசப் மீன் வாங்கப் போனாலும் முடி வெட்டப் போனாலும் "கல்லு எறங்கிடுச்சாண்ணே?" என்று கேட்காத ஆளில்லை.

வீட்டிலும் அப்படித்தான். சோற்றில் ஒரு கல் கடிபட்டால் போதும்.

"ஒங்கப்பா வூட்டு அரிசியா?" என்பான். "எங்க வம்சத்துல எவனுக்காவது கல்லுன்னு உண்டா?"

மனைவி சகாய பிரியா பதில் சொன்னதில்லை. சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றுவாள். அதை அவளுடைய தோல்வி என்று அவன் எடுத்துக்கொண்டான்.

ஆகவே கடலூரில் வைத்தியம் பார்க்க வழியில்லை. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கையில் டோக்கனோடு அதே கோயில் பங்குக்காரர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். சிதம்பரம்தான் சரி.

"சனிக்கெழம சிதம்பரம் போறேன்" என்றான். "கூட வேலை செய்யிற தேவநாதன் சாரு வூட்ல புதுமனை புகுவிழா."

பிரியா முறுக்கிய துணியை உதறாமல் ஒரு நிமிஷம் அவனைப் பார்த்தாள். "தனியாவா போறீங்க?"

"ஆமா. வெயிலு ஜாஸ்தி. நீ ஏன் அலையணும்."

"சரிங்க. வெறுங்கையோட போவாதீங்க. நான் ஏதாச்சும் வாங்கி வெக்கிறேன்."

சனிக்கிழமை காலை அவன் கையில் பளபளப்புத் தாள் சுற்றிய பெரிய பெட்டி ஒன்றையும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலையும் கொடுத்தாள்.

"பஸ்ஸு முட்லூரு தாண்டுறதுக்குள்ள பாதிய குடிச்சிடுங்க. விருந்துல பசலக்கீர வெச்சா தொடாதீங்க."

"ஏன்?"

"சும்மாதான்."

இவ்வளவு வெகுளியான பெண்ணை ஏமாற்றுகிறோமே என்று கொஞ்சம் வருத்தப்பட்டபடியே பஸ் ஏறினான்.

சிதம்பரம் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணின் சட்டையில் சிந்துஜா என்று எழுதியிருந்தது. மடியில் பரிசுப் பெட்டியோடு வந்து உட்கார்ந்த நோயாளியை அவள் வினோதமாகப் பார்த்தாள்.

"குடும்பத்துல யாருக்காச்சும் கல்லு இருந்திச்சா சார்? அப்பா, பெரியப்பா?"

"எங்க வம்சத்துலயே கெடையாதும்மா. மாமனாருக்கு இருந்திச்சி."

"மாமனாருகிட்டேருந்து உங்களுக்கு எப்பிடி சார் வரும்? அட்ரஸ் சொல்லுங்க."

சொன்னான். தட்டிக்கொண்டே வந்த விரல் நின்றது.

"இந்த அட்ரஸ்ல ஏற்கெனவே ஒருத்தரு இருக்காரே. ஆண்ட்ரூன்னு."

ஆண்ட்ரூ பிரகாஷின் அப்பா. அதே வீட்டு மாடியில் இருப்பவர். பெண் பார்க்கப் போனபோது, "எங்க வம்சத்துல தலைவலி மாத்திர வாங்குனவன்கூட கெடையாது" என்று சொன்னவர்.

"அப்பாவா சார்? மூக்கு அப்படியே இருக்கு" என்று சிந்துஜா சந்தோஷப்பட்டாள். "மூணு தடவ கல்லு வந்திச்சி அவருக்கு. ஒவ்வொரு செக்கப்புக்கும் மருமவதான் கூட்டியாருவாங்க. எவ்ளோ பொறுமை தெரியுமா?"

பாசத்தோடு திரையை அவன் பக்கம் திருப்பினாள். குடும்ப வரலாறு என்ற இடத்தில் இப்படி இருந்தது: 'அண்ணனுக்கு உண்டு. தம்பிக்கு உண்டு. மகனுக்கு இதுவரை இல்லை, வந்தாலும் சொல்லமாட்டார். தகவல்: மருமகள்.'

டாக்டர் எழுதிய சீட்டைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, பிரிக்காத பெட்டியை மேசைமேல் வைத்தான்.

"புதுமனை எப்பிடிங்க இருந்திச்சி?"

"எங்கப்பாவுக்கு எத்தினி வருசமா?"

"எங்கப்பாவுக்கு வர்றதுக்கு முன்னாடிலேருந்தே." பிரியா வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை. "வருசத்துக்கு ரெண்டு தடவ மாமாவும் நானும் சிதம்பரத்துல புதுமனை புகுவிழாவுக்குத்தான போவோம்? நீங்களும் அதையே சொன்னதும் எனக்கு வெளங்கிடுச்சி. கல்லு மட்டுமில்ல, பொய்யும் உங்க வம்சத்துல ஒண்ணுதான்."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"மாமா யாருகிட்டயும் சொல்லாதன்னாரு. சொல்லல. பெட்டிய பிரிங்க."

பிரித்தான். அளவுக்கோடு போட்ட மூன்று லிட்டர் தண்ணீர் ஜக்.

அப்போதுதான் அவனுக்கு மறுநாள் ஞாயிறு என்பது ஞாபகம் வந்தது. "நாளைக்கி கோயில்ல நம்ம தெரு முறையாச்சே. மன்றாட்டு யாரு வாசிக்கிறா?"

"நான்தான்."

ஜக்கை நிரப்பி, அரை லிட்டர் அளவுக்குக் கோடு இறங்கும் வரை குடித்தான். "பிரியா. எம் பேரு வரக் கூடாது."

"வராதுங்க."

"சத்தியமா?"

"உங்க பேரும் வராது, மாமா பேரும் வராது. போதுமா? நான் சொன்ன வார்த்தைய என்னிக்காச்சும் மீறியிருக்கேனா?"

மீறியதில்லை. அந்த நம்பிக்கையில் ஞாயிற்றுக்கிழமை இஸ்திரிச் சட்டை போட்டு, அப்பாவுக்குப் பக்கத்தில் நிமிர்ந்து நின்றான். பிரியா மைக்குக்கு முன் வந்தாள். திருத்தந்தைக்காக வாசித்தாள். மழைக்காக வாசித்தாள். பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்காக வாசித்தாள். பிரகாஷ் மூச்சு விட்டான். அவள் தாளைத் திருப்பினாள்.

"நாலு வருஷத்துக்கு முன் உங்கள் மன்றாட்டால் கல் நீங்கிய என் அப்பா மரிய ஜோசப் எல்லாருக்கும் நன்றி சொல்கிறார். இப்போது அதே கல்லால் வாடும் அவருடைய ஒரே மருமகனுக்காக மன்றாடுவோம்."

பேர் வரவில்லை. கோயில்தான் மொத்தமாகத் திரும்பிப் பார்த்தது.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று எல்லாரையும்விட உரக்கச் சொன்னவர், பக்கத்தில் நின்ற ஆண்ட்ரூ.