திட்டாத வாத்தியார்

"எங்கிட்ட கேட்க வேண்டிய சந்தேகத்தை போன்கிட்ட எதுக்கும்மா கேட்கிற?"

கணக்கு வாத்தியாரின் குரல் கேட்டதும் முதல் பெஞ்சுப் பெண் போனை மேசைக்கடியில் தள்ளினாள். வகுப்பிலேயே ரொம்பப் பயந்த சுபாவம் அவளுக்கு.

"ஏஐ திட்டாது சார்."

"நான் எப்ப திட்டினேன்? தலைக்குள்ள மூளையா களிமண்ணான்னு கேட்டா அது திட்டா?"

கடைசி பெஞ்சிலிருந்து 'வக்கீல்' எழுந்தான். எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் பிள்ளைகள் வைத்த பெயர் அது. "நான் மறுத்துப் பேசினா அது மன்னிப்பு கேட்குது சார். நீங்க வெளியே அனுப்புறீங்க."

அவன் பக்கத்துச் சோம்பேறி எழுந்திருக்கக்கூட இல்லை. "எனக்கு வீட்டுப்பாடத்தையே முடிச்சுக் கொடுத்துடுது சார்."

ஆளுக்கொரு குணம், ஆளுக்கொரு காரணம். வாத்தியார் மட்டும் ஒருத்தருக்கும் வேண்டாமாம். தொண்டைத் தண்ணீர் வற்ற இத்தனை வருஷம் கத்தியது யாருக்காக? நன்றி கெட்ட கழுதைகள். போயும் போயும் ஒரு மிஷினிடம் தோற்பதா? அதைவிடத் தங்கமாக நடந்து காட்டுகிறேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டார்.

மறுநாள் சிரித்த முகமாக வந்தார். பயந்த பெண் தப்பும் தவறுமாகப் போட்ட கணக்கைப் பார்த்து, "அருமையான முயற்சிம்மா" என்றார். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். சாருக்கு உடம்புக்கு என்னவோ என்று வகுப்பில் பேச்சு கிளம்பியது.

சிரிப்பு மட்டும் போதாது போலும் என்று குரலையும் இறக்கினார். கடைசி பெஞ்சுக்கு ஒன்றும் கேட்கவில்லை. சோம்பேறி நிம்மதியாகத் தூங்கினான்.

அந்த நேரம் பார்த்து வக்கீல் எழுந்தான். "ரெண்டு மைனஸைப் பெருக்கினா ப்ளஸ் எப்படி சார் வரும்? மைனஸ்தான் வரணும்."

வாத்தியாரின் கையில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டார். "மன்னிச்சுக்கப்பா. நீ சொல்றதும் நியாயம்தான்."

பரீட்சையில் வகுப்பே மைனஸ் போட்டது.

தலைமையாசிரியை கூப்பிட்டு அனுப்பினார். "நீங்களே நியாயம்னு சொன்னீங்களாமே. அந்த வகுப்பை வேற யார்கிட்டயாவது கொடுத்துடலாமா சார்?"

வாத்தியாருக்குக் காது வரை கொதித்தது. தன்மையாகப் பேசியதற்கு இதுதான் பரிசா? நாலு வார்த்தை நாக்கைப் பிடுங்குகிற மாதிரி கேட்டுவிட்டுப் போகலாம் என்று வகுப்புக்கு விரைந்தார். உள்ளேயிருந்து ஒரு அதட்டல் கேட்டது.

"தலைக்குள்ள மூளையா களிமண்ணா? முதல் வரியிலேர்ந்து மறுபடியும் போடு."

அதற்குள் வேறு ஆளைப் போட்டுவிட்டார்களா? கதவைத் தள்ளினார். உள்ளே வாத்தியார் யாரும் இல்லை. மேசைமேல் ஒரு போன் கத்திக்கொண்டிருந்தது. வக்கீலும் சோம்பேறியும்கூடக் குனிந்த தலை நிமிராமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"என்ன கூத்து இது?"

பயந்த பெண் எழுந்தாள்.

"நீங்க திட்டுறதை நிறுத்தினதிலேர்ந்து கணக்கே ஏறலை சார், அதான் உங்களை மாதிரியே திட்டுறதுக்கு அதைப் பழக்கிட்டோம்."