டப்பாவில் எழுதியிருக்கிறபடி

சென்றாயனுக்கு நாற்பத்திரண்டாவது வயதில் புஜம் வேண்டும் என்று தோன்றிவிட்டது. தோன்றிய நேரம்தான் விசேஷம். தோட்டத்து மரங்களில் படர்ந்த கொடியில் மிளகு சிவக்க ஆரம்பித்திருந்தது. பத்து நாளைக்குள் பறிக்காவிட்டால் பழுத்து உதிர்ந்து குருவிக்கும் மண்ணுக்கும் போய்விடும். மரம் ஏறத் தெரிந்தவர்கள் எல்லாரும் அவரவர் தோட்டத்து மரத்தில் இருந்தார்கள். இவன் மட்டும் செம்மேட்டுக்கு பஸ் ஏறிப் போய், குடத்தளவு புரோட்டீன் பவுடர் டப்பாவோடு திரும்பி வந்தான்.

டப்பாவின் மேல் ஒருவன் சட்டையில்லாமல் நின்றான். தோளிலும் கையிலும் சதை பலாப்பழமாகத் திரண்டிருந்தது. சென்றாயன் அதில் தன் எதிர்காலத்தைப் பார்த்தான்.

“ஏனுங்க, இது மாட்டுக்குங்களா?” என்றாள் பெண்டாட்டி ராஜேஸ்வரி.

“மாட்டுக்கா! எனக்கு, புள்ள. சதை போடறதுக்கு.”

“சரிங்க. நாளைக்கி மிளகு பறிக்க ஏணிய எடுக்கறீங்களா?”

“அதான் முடியாது. இதக் குடிக்கிறவன் நாப்பது நாளைக்கு மரம் ஏறக்கூடாது, மூட்டை தூக்கக்கூடாதுன்னு டப்பாவுல போட்டிருக்கான். ரெஸ்ட் எடுத்தாத்தான் சதை புடிக்குமாம்.”

“இங்கிலீசுல இருக்குதுங்களே?”

“படிக்காமலா சொல்றேன்? டப்பாவுல எழுதியிருக்கிறபடிதான் நடக்கணும். ஒரு எழுத்து மாறக்கூடாது.”

இங்கிலீஷ் வாத்தியாரைக் கண்டாலே காப்பித் தோட்டத்துக்குள் ஓடி ஒளிந்து, எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்த மனுஷன் பேசுகிற பேச்சு இது. ராஜேஸ்வரி மறுபேச்சுப் பேசவில்லை. பெண்டாட்டி மறுபேச்சுப் பேசாவிட்டால் பயப்பட வேண்டும் என்கிற அறிவு அந்தப் பவுடரில் சேர்க்கப்படவில்லை போலிருக்கிறது.

மறுநாள் காலை அவள் பக்கத்து வீட்டு சங்கீதாவை அழைத்து வந்தாள். ராசிபுரத்தில் காலேஜ் படிக்கிற பெண். டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். முகத்தில் பெரிய கவலை.

“மாமா, பின்பக்கம் படிக்கலீங்களா? குடிச்ச அரை மணி நேரத்துல இருவது அடி உசரம் ஏறணும்னு போட்டிருக்குதுங்க. இடுப்புல பையக் கட்டிக்கிட்டு. பை ரொம்புனா எறங்கிக் கொட்டிட்டு, மறுபடி ஏறணுமாம்.”

“ஏறலைன்னா?”

“அத்தனையும் தொப்பையாயிருமாம்.”

சென்றாயன் ஏற்கெனவே இரண்டு டம்ளர் குடித்திருந்தான். வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அப்படி எழுதவில்லை என்று சொல்லலாம்தான். எங்கே, நீங்களே படிங்க என்று நீட்டிவிட்டால்?

“அத... நானும் பாத்தேன். சின்ன எழுத்துல இருந்துச்சு.”

வெளியே ஒற்றை மூங்கில் ஏணி மிளகுக்கொடி ஏறிய சில்வர் ஓக் மரத்தில் ஏற்கெனவே சாத்தியிருந்தது. ராஜேஸ்வரி பையோடு நின்றாள்.

பத்து நாள். தினம் ஒரு டம்ளர், ஒன்பது மரம். மிளகு முழுக்கக் களத்துக்கு வந்து சேர்ந்தது. புஜம்தான் வரவில்லை. முசுறு எறும்பு கடித்து வீங்கியதைப் புஜம் என்று இரண்டு நாள் நம்பிக்கொண்டு திரிந்தான், அதுவும் வடிந்துவிட்டது.

பதினோராம் நாள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு செம்மேட்டுக் கடைக்குச் சண்டைக்குப் போனான். கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார்.

“மரம் ஏறச் சொல்லி இதுல எங்கியுமே இல்லீங்களே! பால்ல கலக்கிக் குடிங்க, மூடிய இறுக்கி மூடுங்க, அவ்வளவுதானுங்க.”

சென்றாயன் கொதித்துக்கொண்டு வீடு வந்தான்.

“டப்பாவுல இல்லாததெல்லாம் படிச்சிருக்கா அந்தப் புள்ள! எப்புடிப் படிச்சா அவ?”

ராஜேஸ்வரி களத்து மிளகைத் துழாவிக்கொண்டே நிமிராமல் சொன்னாள்:

“நீங்க எப்புடிப் படிச்சீங்களோ, அப்புடித்தானுங்க.”