நான் ஸ்டியரிங் பிடித்த அஸ்தமனம்

ஒரே வீட்டில் ஒரே சமயத்தில் இரண்டு தாத்தாக்கள் இருக்கக் கூடாது. அமெரிக்காவில் இருக்கிற நம் பிள்ளைகளுக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் பையனைப் பெற்றவர்களுக்கு ஆறு மாதம், பெண்ணைப் பெற்றவர்களுக்கு ஆறு மாதம் என்று ஷிஃப்ட் போட்டுக் கூப்பிடுகிறார்கள். ஒரு கோஷ்டி ஏர்போர்ட்டில் இறங்கும்போது இன்னொரு கோஷ்டி ஏறிக்கொண்டிருக்கும். என் மகன் குடியிருக்கிற கேட்டி என்ற ஊரில், எங்கள் தெருவில் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் எல்லாமே இந்தக் கணக்கில்தான் ஓடுகின்றன.

எங்கள் வீட்டில் அந்த வருஷம் ஷிஃப்ட் இடித்துக்கொண்டது. என் மருமகள் வித்யாவின் அம்மா, இன்னொரு மகளின் பிரசவத்துக்காகக் கலிபோர்னியா போய்விட்டார். "பிரசவ வீட்ல நான் இருந்து என்ன பண்ணப் போறேன்" என்று சம்பந்தி ராமநாதன் மட்டும் கேட்டியிலேயே தங்கிவிட்டார். நானும் என் சம்சாரம் பழனியம்மாளும் பெட்டியோடு வந்து இறங்கினோம். கதவைத் திறந்தவர் அவர்தான். "வாங்கோ வாங்கோ சம்பந்தி" என்று என் மகன் வீட்டுக்கு என்னையே வரவேற்றார். (எனக்குப் புகைச்சல் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.)

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னைக்காரர். பேங்கில் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. அதுதான் கஷ்டமே. கெட்டவராக இருந்திருந்தால் நான் நிம்மதியாகத் திட்டியிருப்பேன். இங்கிலீஷில் பேசுவார், முள்கரண்டியால் தோசை சாப்பிடுவார், பேத்தி நிலாவுக்குப் படுக்கும்போது கதைப் புத்தகம் வாசிப்பார். வாசிப்பது என்றால் சும்மா இல்லை. கரடிக்கு ஒரு குரல், முயலுக்கு ஒரு குரல். குழந்தை சிரித்துச் சிரித்துப் புரளும். நான் மூணாங்கிளாஸோடு நின்றவன். அந்தப் புத்தகத்தை என்னிடம் கொடுத்தால் படம்தான் பார்ப்பேன்.

என் தொழில் லாரி. திருச்செங்கோட்டுப் பக்கம் வீட்டுக்கொரு டிரைவர் இருந்த காலத்தில் வளர்ந்தவன். கிளீனராக ஏறி, டிரைவராகி, நாக்பூர் தாண்டிக் கல்கத்தா வரைக்கும் ஓட்டியிருக்கிறேன். ஒரு தடவை போர்வெல் மிஷினோடு ஒடிசாக் காட்டுக்குள் ராத்திரி முழுக்க... சரி, அது வேறு கதை. அதை ஆரம்பித்தால் படகுக்கு வர மாட்டேன்.

நிலாவுக்கு அப்போது ஆறு வயசு. அவரைத் தாத்தா என்பாள். என்னை எங்கள் பக்கத்து வழக்கப்படி அப்பாரு என்பாள். கூப்பிடுவதில் ஒரு குறையும் இல்லை. ஆனால் கூப்பிட்டுவிட்டு, "அப்பாரு, தாத்தா எங்க?" என்பாள்.

ஸ்கூல் லீவு வந்ததும் என் மகன் சரவணன் எல்லோரையும் கரீபியன் கடலில் ஒரு தீவுக்குக் கூட்டிப் போனான். அந்தத் தீவின் பேர் இன்றைக்கும் என் வாயில் நுழையாது. தண்ணீர் மட்டும் நீலச் சாயம் கரைத்துவிட்ட மாதிரி இருந்தது. சம்பந்தி அரை டிராயர், பூப்போட்ட சட்டை, ஓலைத் தொப்பி என்று ஆளே மாறிவிட்டார். நான் வேட்டி கட்டியிருந்தேன். மருமகள், "மாமா, போட்ல காத்து ஜாஸ்தியா இருக்கும், பேண்ட் போட்டுக்கறீங்களா?" என்று நாசூக்காகச் சொன்னாள். மகனுடைய டிராக் பேண்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். கால் பக்கம் ரெண்டு மடிப்பு மடிக்க வேண்டியிருந்தது.

"நீங்களும் அவிங்களாட்டம் ஒரு தொப்பி வாங்கிக்கலாமுங்களே. எத்தன எடுப்பா இருக்குது பாருங்க" என்றாள் பழனியம்மாள்.

கல்யாணமான நாளிலிருந்து என்னைப் பார்த்து எடுப்பாக இருக்கிறது என்று அவள் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

சாயங்காலம் ஒரு பாய்மரப் படகில் ஏற்றினார்கள். சூரியன் கடலில் இறங்குவதைப் பார்க்கத்தான் அந்தப் பயணமே. வேறு ஒன்றும் கிடையாது. போவது, சூரியன் முங்குவதைப் பார்ப்பது, கை தட்டுவது, திரும்பி வருவது. (எங்கள் ஊரில் அது தினமும் சும்மாவே நடக்கிறது, யாரும் கை தட்டுவதில்லை.) முப்பது, நாற்பது பேர் இருப்பார்கள். கையில் ஆளுக்கொரு சிவப்பு ஜூஸ். எங்களுக்குக் கொடுத்ததில் சரக்கு இல்லை என்று மகன் சத்தியம் செய்தான்.

கேப்டன் ஆறடிக்கு மேல் ஆள். சடை சடையாகப் பின்னிய முடி, ஓயாத சிரிப்பு. படகின் பின்பக்கம், பெரிய வண்டிச் சக்கரம் மாதிரி ஒரு ஸ்டியரிங். அதைப் பார்த்ததுமே எனக்கு உள்ளங்கை அரித்தது. கை வைக்க ஒரு சக்கரம் இல்லாமல் எத்தனை வருஷம் ஓடிவிட்டது! அமெரிக்காவில் என்னைக் கார் சாவியைக்கூடத் தொட விடுவதில்லை.

கொஞ்ச தூரம் போனதும் கேப்டன் ஏதோ கேட்டார். நான் புரிந்துகொள்வதற்குள் சம்பந்தியின் கை மேலே போய்விட்டது. படகு ஓட்ட யாருக்கு ஆசை என்று கேட்டாராம். இவர் எழுந்து போனார். கேப்டன் தன் தொப்பியைக் கழற்றி இவர் தலையில் வைத்தார். நிலா ஓடிப்போய் அவருக்கு முன்னால், அவர் கைகளுக்கு நடுவில் நின்று, தானும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். முன்னே பின்னே தெரியாதவர்கள்கூட எடுத்தார்கள்.

இந்த மனிதர் அதற்கு முந்தின மாதம்தான் எங்கள் காரை கராஜுக்குள் விடுகிறேன் என்று குப்பைத் தொட்டியை ஏற்றி நசுக்கியவர்.

நானும் போட்டோவில் நிற்கலாம் என்று பக்கத்தில் போனேன்.

"அப்பா, கொஞ்சம் தள்ளிக்குங்கப்பா. உங்க கை ஃப்ரேம்ல வருது" என்றான் என் மகன். நான் பெற்ற மகன்.

தள்ளிக்கொண்டேன். ஆட்டம் முடிந்து நிலா என்னிடம் ஓடி வந்தாள். மூச்சு வாங்க, சிரிப்போடு கேட்டாள்: "அப்பாரு, யூ கான்ட் டிரைவ் எ போட், ரைட்?"

கேலி இல்லை. குழந்தை நிஜமாகத்தான் கேட்டாள். அதனால்தான் சுருக்கென்றது.

"கண்ணு, அப்பாரு பத்துச் சக்கர லாரியே ஓட்டுனவன்டா."

"பட் திஸ் ஹேஸ் நோ வீல்ஸ்."

அவ்வளவுதான். அந்தக் குழந்தை என் கைகளுக்கு நடுவில் ஒரே ஒரு தடவை நின்று அந்தச் சக்கரத்தைப் பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அவளுக்கு நான் காலமெல்லாம் "தாத்தா எங்க?" என்று விசாரிக்கிற இடமாகவே இருந்துவிடுவேன் என்று பட்டது. எழுந்தேன்.

"ஏனுங்க, கம்முனு உக்காருங்க" என்றாள் பழனியம்மாள்.

"அப்பா, வேண்டாம்ப்பா, சன்செட் ஆகப் போகுது" என்றான் மகன்.

நான் காதில் வாங்கவில்லை. கேப்டனிடம் போய் சக்கரத்தைக் காட்டி, என் நெஞ்சைக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே இடம் விட்டு, இங்கிலீஷில் நீளமாக ஏதோ சொன்னார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். சம்பந்தி எட்டிப் பார்த்துத் தமிழில் சொன்னார்: "சம்பந்தி, அதோ தூரத்துல செவப்பா ஒரு மிதவை தெரியுது பாருங்க, அதப் பாத்து நேரா வெச்சுக்கணுமாம். ரொம்ப லேசாத் தொட்டா போதுமாம். திருப்பினா உடனே திரும்பாது, கொஞ்சம் லேட்டாத்தான் திரும்புமாம்."

கேப்டன் சொன்னார் என்று எடுத்துக்கொண்டிருந்தால் பிழைத்திருப்பேன். குப்பைத் தொட்டியை நசுக்கியவர் எனக்கு ஸ்டியரிங் சொல்லித் தருகிறார் என்றுதான் எனக்குக் கேட்டது.

"தெரியுமுங்க சம்பந்தி. நீங்க போயி உக்காருங்க" என்றேன்.

நிலா வந்து என் முன்னால் நின்றாள். வண்டி எடுக்கும் முன் செய்கிற வழக்கப்படி சக்கரத்தை ரெண்டு கையாலும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். அது கேப்டனுக்கு ரொம்பப் பிடித்துப்போய் அவரும் தொட்டு ஒற்றிக்கொண்டார். ஆள் விவரமானவன் என்று நினைத்துவிட்டார் போல. யாரோ ஒரு ஜோடி போட்டோ எடுக்கக் கூப்பிட, என்னை நம்பி ரெண்டு எட்டு அந்தப் பக்கம் போனார்.

நான் ஓட்டிய பழைய லாரிகளில் ஸ்டியரிங் அரைச் சுற்று சும்மா சுற்றும். அதற்கப்புறம்தான் டயருக்குச் சேதி போகும். அதனால் எங்களுக்குக் கை சும்மா இருக்காது. இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் என்று ஆட்டிக்கொண்டே இருப்போம். அதே மாதிரி ஆட்டினேன். படகு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் ஒடித்தேன். அசையவில்லை. பேத்தி நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். 'இங்கேயும் அரைச் சுற்று லூசு போல' என்று முடிவு செய்து, கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவில் ஒடிக்கிற மாதிரி முழுசாக ஒடித்தேன்.

அதுவரை நான் கொடுத்த சேதி எல்லாம் கடலுக்கு மொத்தமாகப் போய்ச் சேர்ந்தது.

படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து திரும்ப ஆரம்பித்தது. நான் நிலாவை ஒரு கையால் இறுக்கிக்கொண்டு, மறு கையால் சக்கரத்தை எதிர்ப்பக்கம் ஒடித்தேன். அது கேட்கவில்லை. பாய் படாரென்று அடித்துக்கொண்டு அடுத்த பக்கம் போனது. யாருக்கும் அடிபடவில்லை, அது நான் கும்பிடுகிற தெய்வம் செய்த காரியம். ஆனால் சிவப்பு ஜூஸ் எல்லாம் வெள்ளைப் பேண்ட்களின் மேல் போனது. பழனியம்மாள் நைலக்ஸ் சேலையில் அந்தப் பிளாஸ்டிக் பெஞ்சின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வழுக்கிக்கொண்டு போனாள். அந்தக் கோடியில் உட்கார்ந்திருந்தது யார்? சம்பந்திதான். கையைப் பிடித்து நிறுத்தி, "பயப்படாதீங்கோ, ஒண்ணும் ஆகல" என்றார். "நல்லவேளைங்க, நீங்க இருந்தீங்க" என்றாள் அவள். அத்தனை கூச்சலிலும் எனக்கு அது மட்டும் துல்லியமாகக் கேட்டது.

சூரியனுக்கு வருகிறேன். சரியாக அந்தச் சமயம்தான் அது தண்ணீரைத் தொட்டது. எல்லோரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தயாராக நின்றிருந்தார்கள். படகு திரும்பியதும் அவர்களுக்கு முன்னால் சூரியன் இருந்த இடத்தில் பாய்தான் இருந்தது. எல்லோரும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடினார்கள். நான் மறுபடி ஒடித்ததன் பலன் அப்போது வந்து சேர்ந்தது. படகு எதிர்ப்பக்கம் திரும்பியது. மறுபடி இந்தப் பக்கம் ஓடி வந்தார்கள். கேப்டன் பாய்ந்து வந்து சக்கரத்தைப் பிடித்து நேராக்கி, பாய் விலகியபோது, கடல் இருந்தது, வானம் இருந்தது, சூரியன் இல்லை. முங்கிவிட்டது. கை தட்ட ஒன்றும் இல்லை.

எவ்வளவு அமைதி தெரியுமா? டீசல் தீர்ந்து லாரி நடுக்காட்டில் நின்றால் வருமே, அப்படி ஓர் அமைதி.

கேப்டன் என்னைப் பார்த்து ஏதோ சொன்னார். "என்ன சொல்றாரு?" என்று மகனைக் கேட்டேன். "ஒண்ணும் இல்லப்பா, உக்காருங்க" என்றான். கேப்டன் சொன்னதில் எனக்கு யாரும் மொழிபெயர்க்காத ஒரே வாக்கியம் அதுதான்.

சம்பந்தி எழுந்தார். எல்லோரையும் பார்த்து, தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, எனக்காக இங்கிலீஷில் மன்னிப்புக் கேட்டார். இந்தியா, லாரி, ஃபேமிலி என்ற வார்த்தைகள் காதில் விழுந்தன. ஜனங்கள் சிரித்தார்கள். அப்புறம் கை தட்டினார்கள். சூரியனுக்கு என்று எடுத்து வைத்திருந்த கைதட்டல் மொத்தமும் அவருக்குப் போனது. தப்பு செய்தது நான், பேர் வாங்கியது அவர்!

ஓர் ஓரமாகப் போய் உட்கார்ந்தேன். கடலில் குதித்துவிடலாம் என்றால் எனக்கு நீச்சலும் தெரியும், பிழைத்துக்கொள்வேன்.

நிலா வந்தாள். அழப் போகிறாள் என்று நினைத்தேன். கண்ணை அகல விரித்துக்கொண்டு, ரகசியம் கேட்கிற குரலில் கேட்டாள்:

"அப்பாரு... டிட் யூ டர்ன் ஆஃப் த சன்?"

என்ன பதில் சொல்வது? மறுக்கிற நிலைமையில் நான் இல்லை. "ஆமா கண்ணு" என்றேன்.

"டூ இட் அகெய்ன்!" என்று என் மடியில் ஏறி உட்கார்ந்தாள். கரை சேரும்வரை இறங்கவில்லை. "தாத்தா கிட்ட வரியாம்மா?" என்று சம்பந்தி கூப்பிட்டார். "ஐம் வித் அப்பாரு" என்றாள். காது குளிர்ந்தது. மறுநாள் சாயங்காலம் கடற்கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டு சூரியனுக்கு நேராக நிறுத்தினாள். நானும் வெறும் கையால் ஸ்டியரிங்கை ஒடித்தேன். அது நல்ல நேரம், சூரியனும் முங்கியது.

கேட்டிக்குத் திரும்பி வந்ததும் அவள் ஸ்கூலில் சொன்னாள், பக்கத்து வீட்டில் சொன்னாள், கோயிலில் பிரசாத வரிசையில் நின்றவர்களிடம் எல்லாம் சொன்னாள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் கரண்ட் போனாலும், வைஃபை நின்றாலும், டிவியில் மேட்ச் மழையால் நின்றாலும் மருமகள் உள்ளேயிருந்து குரல் கொடுப்பாள்: "மாமா கை வெச்சாரா?" பழனியம்மாள் சிரிப்பாள். நானும் சிரிப்பேன்.

போன வாரம் சம்பந்தி சென்னையிலிருந்து வீடியோவில் வந்தார். பேச்சோடு பேச்சாக நிலாவிடம் கேட்டார்: "கண்ணம்மா, அன்னிக்கு போட்டை யாரு ஓட்டினாங்க, சொல்லு?"

"அப்பாரு!"

"நானும் ஓட்டினேனேம்மா, தொப்பியெல்லாம் போட்டுண்டு?"

"யூ? வென்?" என்று கேட்டுவிட்டு விளையாட ஓடிவிட்டாள்.

திரையில் மனிதர் அவள் ஓடிய பக்கமே எட்டிப் பார்த்தார். அப்புறம் மெதுவாக என்னைப் பார்த்தார்.

"சம்பந்தி, நேரா ஓட்டினவன யாரு ஞாபகம் வெச்சுக்கறா?"

எனக்குப் பாவமாகத்தான் இருந்தது. அந்த மூஞ்சி எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், படகில் ஏறுகிறவரை நானும் அதே மூஞ்சியோடுதான் உட்கார்ந்திருந்தேன். "மனசுல வெச்சுக்காதீங்க சம்பந்தி" என்றேன். "அடுத்த தடவ போறப்ப நீங்களும் கொஞ்சம் ஒடிச்சுப் பாருங்க."